கோதுமையும் பாலும் விலக்கிய பத்தியம்: ராச்செஸ்டரின் 14 குழந்தைகள்

வாரத்தில் ஒரு நாள், மூன்று முதல் ஐந்து வயதுக்குள் இருக்கும் ஒரு குழந்தையின் முன் ஒரு தின்பண்டம் வைக்கப்படுகிறது. அது வாழைப்பழம் சேர்த்துச் சுட்ட ரொட்டியாக இருக்கலாம், பிரவுனியாகவோ புட்டிங்காகவோ இருக்கலாம். அந்தக் குழந்தைக்கு எது பிடிக்குமோ அது. அதற்குள் கோதுமை ஒளிந்திருக்கலாம், பால்பொடி ஒளிந்திருக்கலாம், இரண்டும் சேர்ந்திருக்கலாம், இரண்டும் இல்லாமலும் இருக்கலாம். உள்ளே என்ன இருக்கிறது என்பது அருகில் நிற்கும் தாய்க்குத் தெரியாது. பயிற்சியாளருக்கும், குறிப்பெடுக்கும் ஆய்வாளருக்கும்கூடத் தெரியாது. நான்கு வகையும் பார்வைக்கும் வாய்க்கும் ஒன்றுபோலவே இருக்கும்படி செய்யப்பட்டவை.

அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில் உள்ள ராச்செஸ்டர் பல்கலைக்கழகத்தில், குழந்தை மருத்துவர் சூசன் ஹைமன் தலைமையிலான குழு நடத்திய சோதனை இது. ஆட்டிசம் (பேச்சிலும் பிறரோடு பழகுவதிலும் சிறுவயதிலேயே வேறுபாடு தெரியும் வளர்ச்சி நிலை) உள்ள குழந்தைக்குக் கோதுமையையும் பாலையும் நிறுத்தினால் நடத்தை மாறுமா என்ற கேள்விக்கு, எனக்குத் தெரிந்தவரை மிகுந்த பொறுமையோடு பதில் தேடிய முயற்சிகளில் ஒன்று. பங்கேற்ற குழந்தைகள் மிகக் குறைவு. ஆனாலும் அதை விரிவாகப் பார்ப்பதற்குக் காரணம் இருக்கிறது. இந்தப் பத்தியத்தைப் பற்றிப் பேசும் இரு தரப்பும் வழுக்கி விழும் இடங்கள் எல்லாம் இந்த ஒரு சோதனைக்குள் அடங்கியிருக்கின்றன.

அபினியில் தொடங்கிய கதை

கோதுமை, பார்லி, ரை ஆகிய தானியங்களில் இருக்கும் புரதம் குளூட்டன். பாலில் உள்ள முக்கியப் புரதம் கேசீன். இவ்விரண்டுக்கும் ஆட்டிசத்துக்கும் முடிச்சுப் போட்ட கதை கொஞ்சம் விசித்திரமானது. 1979இல் ஜாக் பாங்செப் என்ற நரம்பியல் ஆய்வாளர் ஓர் ஒப்புமையைக் கவனித்தார். அபினி வகை மருந்து கொடுக்கப்பட்ட விலங்குக் குட்டிகள் வலியைப் பொருட்படுத்துவதில்லை, தாயைப் பிரித்தால் கத்துவதும் குறைந்துவிடுகிறது. ஆட்டிசம் உள்ள சில குழந்தைகளிடமும் இதன் சாயல் தெரிகிறதே என்றார் அவர். நார்வேயின் கார்ல் ரைகெல்ட்டும், இங்கிலாந்தின் சண்டர்லாந்து பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பால் ஷாட்டாக்கும் (இந்தப் பாலுக்கும் கேசீனுக்கும் சம்பந்தமில்லை) அதை உணவுவரை நீட்டினார்கள். குளூட்டனும் கேசீனும் அரைகுறையாகச் செரிக்கும்போது அபினியை ஒத்த சிறு புரதத் துண்டுகள் உண்டாகின்றன. கசியும் குடல் வழியாக அவை இரத்தத்தில் கலந்து மூளையை எட்டுகின்றன. குழந்தை மயக்கத்தில் இருப்பதுபோல ஒதுங்கிவிடுகிறது. இதுதான் கருதுகோள்.

அழகான கருதுகோள், எளிதில் நம்பத் தூண்டுவது. சோதித்துப் பார்த்தபோதுதான் ஒவ்வொரு கண்ணியாக அறுந்தது. மூளையில் அபினி அமரும் இடத்தை அடைத்துவிடும் நால்ட்ரெக்சோன் மருந்தை ஆட்டிசம் உள்ள குழந்தைகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். துறுதுறுப்பு ஓரளவு குறைந்ததே தவிர, பேச்சிலும் பழகும் விதத்திலும் எதிர்பார்த்தது நடக்கவில்லை. 2008இல் லண்டன் ஆய்வாளர்கள் ஆட்டிசம் உள்ள 65 சிறுவர்களின் சிறுநீரை நுட்பமான கருவியில் சோதித்து, வேறு 158 குழந்தைகளின் சிறுநீரோடு ஒப்பிட்டார்கள். அந்த அபினித் துண்டுகள் அகப்படவே இல்லை.

ஆனால் பத்தியம் ஆய்வுக்கூடத்தின் தீர்ப்புக்காகக் காத்திருக்கவில்லை. 1990களிலேயே அது பெற்றோர் வாயிலாகப் பரவிவிட்டது. 2007இல் நடிகை ஜென்னி மெக்கார்த்தி தன் மகனின் முன்னேற்றத்துக்கு இந்த உணவுமுறையும் ஒரு காரணம் என்று தொலைக்காட்சியில் சொன்ன பிறகு அமெரிக்காவில் வீட்டுக்கு வீடு பேச்சானது. அதற்கு எதிரே அறிவியலின் கையில் இருந்தது மிகச் சொற்பம். 2008இல், மருத்துவச் சோதனைகளைத் திரட்டி எடைபோடும் காக்ரேன் அமைப்பின் மதிப்பாய்வு ஏற்கத்தக்க சோதனைகளைத் தேடியபோது கிடைத்தவை இரண்டே இரண்டு. இரண்டிலும் சேர்த்து 35 குழந்தைகள். ஒன்று நார்வேயில் 20 குழந்தைகளிடம் ஓராண்டு நடந்தது, பலன் உண்டு என்றது. ஆனால் எந்தக் குழந்தை பத்தியத்தில் இருக்கிறது என்பது அதன் பெற்றோருக்குத் தெரியும். மற்றொன்று ஃபுளோரிடாவில் 15 குழந்தைகளிடம் 12 வாரம் நடந்தது. அங்கே ஆய்வுக் குழுவே எல்லா வேளை உணவையும் சமைத்துக் கொடுத்தது, எது எப்போது என்பது பெற்றோரிடம் மறைக்கப்பட்டது. அளவுகோல்களில் வித்தியாசம் தென்படவில்லை. இருந்தும் பெற்றோரில் சிலர் பேச்சு கூடியிருக்கிறது, அடம் குறைந்திருக்கிறது என்றார்கள். முடிவைச் சொன்ன பிறகும் பத்தியத்தைத் தொடர விரும்பியவர்கள் இருந்தார்கள்.

சோதனையின் உள்ளே

ராச்செஸ்டர் குழு இந்த முரணிலிருந்துதான் தொடங்கியது என்று எனக்குத் தோன்றுகிறது. 22 குழந்தைகள் சேர்ந்தார்கள், முடித்தவர்கள் 14 பேர். கைவிட்டுப் போனவர்களைக் குறை சொல்ல முடியாது. மூன்று வயதுக் குழந்தை பாட்டி வீட்டுக்குப் போகும், பிறந்தநாள் விழாவுக்குப் போகும், கீழே விழுந்த பிஸ்கட்டை எடுத்து வாயில் போடும். மாதக்கணக்கில் ஒரு துணுக்கும் உள்ளே போகாமல் காப்பது முழுநேர வேலை.

சேர்க்கும் முன்பே ஒவ்வொரு குழந்தைக்கும் இரும்புச்சத்து, வைட்டமின் டி, கோதுமை மற்றும் பால் ஒவ்வாமை, சீலியாக் நோய் (குளூட்டன் உள்ளே போனால் உடலின் எதிர்ப்புச் சக்தியே சிறுகுடலைச் சிதைக்கும் நோய்) ஆகியவை பரிசோதிக்கப்பட்டன. அந்தச் சல்லடையில் ஒரு குழந்தைக்குச் சீலியாக் நோய்க்கான அறிகுறி கிடைத்தது, இன்னொரு குழந்தைக்கு இரும்புச்சத்துக் குறைபாடு. இருவரும் சோதனையிலிருந்து விலக்கப்பட்டார்கள். இந்தச் சிறிய தகவலைப் பலர் கவனிப்பதில்லை. பரிசோதனை இல்லாமல் நேரே பத்தியத்துக்குப் போயிருந்தால், சீலியாக் குழந்தை தேறியிருக்கக்கூடும், ஆட்டிசத்துக்குப் பத்தியம் வேலை செய்கிறது என்று ஒரு குடும்பம் சத்தியம் செய்திருக்கும்.

அந்தப் பரிசோதனையைத் தாண்டிச் சோதனையில் சேர்ந்த குழந்தைகள் முதல் 4 முதல் 6 வாரம் கண்டிப்பான பத்தியத்தில் இருந்தார்கள். உடலில் மிச்சமிருப்பது எதுவானாலும் வெளியேறட்டும் என்பதற்கான அவகாசம் அது. அதன்பின் 12 வாரம், பத்தியம் தொடரும்போதே, வாரம் ஒரு முறை அந்த மர்மத் தின்பண்டம். அதற்குப் பின்னும் 12 வாரம் கண்காணிப்பு. குழந்தைகள் ஏற்கெனவே பெற்றுவந்த தீவிர நடத்தைப் பயிற்சி இந்தக் காலம் முழுதும் மாறாமல் தொடர்ந்தது. இல்லாவிட்டால் மாற்றத்துக்குக் காரணம் பயிற்சியா பத்தியமா என்று பிரிக்க வழியில்லை.

தின்பண்டம் கொடுப்பதற்கு முந்தைய நாள், கொடுத்து இரண்டு மணி நேரத்தில், மறுநாள் என்று மூன்று தடவை பெற்றோரும் ஆசிரியரும் ஆய்வு உதவியாளரும் தனித்தனியே படிவம் நிரப்பினார்கள். தூக்கம், மலம், சாப்பாடு எல்லாம் நாட்குறிப்பில் ஏறின. குழந்தை விளையாடுவதைக் காணொளியாக எடுத்து மதிப்பெண் போட்டார்கள். எனக்கு மிகவும் பிடித்த விதி ஒன்று உண்டு: குறித்த நாளில் குழந்தை வழக்கத்துக்கு மாறாக இருந்தால், அன்று தின்பண்டம் கொடுக்கப்படாது. அது இயல்புக்குத் திரும்பும்வரை காத்திருப்பார்கள்.

முடிவுகள் 2010 மே மாதம் ஃபிலடெல்ஃபியாவில் நடந்த ஆட்டிசம் ஆய்வு மாநாட்டில் சொல்லப்பட்டன. முழுக் கட்டுரை இதழில் வரும்போது 2016 ஆகிவிட்டது. (ஆறு ஆண்டு! அதற்குள் எத்தனை குடும்பங்கள் தொடங்கி, களைத்து, விட்டிருக்கும்.) கோதுமை கொடுத்த வாரத்துக்கும் கொடுக்காத வாரத்துக்கும் கவனம், துறுதுறுப்பு, தூக்கம், மலப்போக்கு எதிலும் வித்தியாசமில்லை. பால்பொடிக்கும் அப்படியே. ஒரே ஓர் அளவுகோலில் மட்டும் சிறிய அசைவு தெரிந்தது, அதுவும் எதிர்த்திசையில்: கோதுமையோ பாலோ உள்ளே போன பிறகு பேச்சும் கலந்துறவாடலும் கொஞ்சம் கூடியதுபோல இருந்தது. புள்ளியியல் கணக்கில் அது நிற்கவில்லை, தற்செயல் என்றே ஒதுக்கினார்கள். பத்தியத்துக்குச் சாதகமாக அதே அளவு அசைவு வந்திருந்தால் எத்தனை பேர் ஒதுக்க மனம் கொண்டிருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

இந்தச் சோதனையின் எல்லைகளையும் சொல்ல வேண்டும். 14 என்பது சின்ன எண். நூற்றில் ஐந்து குழந்தைகளுக்கு மட்டும் பலன் இருந்தால் இவ்வளவு சிறிய வலையில் அது சிக்காமல் போகலாம். கடுமையான வயிற்றுக் கோளாறு உள்ள குழந்தைகளுக்காக வடிவமைக்கப்பட்டதும் இல்லை. வாரத்துக்கு ஒரு தின்பண்டம் போதாது, தினமும் கொடுத்துப் பார்த்திருக்க வேண்டும் என்று வாதிடுவோரும் உண்டு. அந்த வாதத்துக்குப் போலந்து ஆய்வு ஒன்று 2020இல் ஓரளவு பதில் தந்தது. அங்கே 66 குழந்தைகளில் ஒரு பாதி ஆறு மாதம் குளூட்டன் இல்லாமலும், மறு பாதி தினமும் ஒரு வேளையாவது குளூட்டன் உணவோடும் இருந்தார்கள். இரு தரப்புக்கும் இடையே வித்தியாசம் காணவில்லை. டென்மார்க்கில் 72 குழந்தைகளிடம் நடந்து 2010இல் வெளியான ஆய்வு மட்டும் சில அளவுகளில் முன்னேற்றம் காட்டியது. ஆனால் அங்கே பெற்றோருக்கு எல்லாம் தெரியும், பாதியில் விலகியவர்களும் நிறைய. மருத்துவ வழிகாட்டுதல்களை வகுக்கும் பிரிட்டனின் நைஸ் அமைப்பு 2013இல் வெளியிட்ட வழிகாட்டுதல், ஆட்டிசத்தின் அடிப்படைக் கூறுகளுக்காக இந்த விலக்கு உணவுமுறையைப் பயன்படுத்த வேண்டாம் என்று நேராகவே சொல்கிறது.

அப்படியானால் தாய் பார்த்தது என்ன?

இந்தக் கேள்வியைத் தட்டிக்கழிக்கும் மருத்துவர்கள்மேல் எனக்குக் கோபம் உண்டு. இரவு பகலாக ஒரு குழந்தையைப் பார்த்துக்கொண்டிருப்பவர் பொய் சொல்லவில்லை. அவர் பார்த்தது நடந்ததுதான். காரணம் எது என்பதில்தான் சிக்கல்.

நம் ஊரில் மஞ்சள் காமாலை வந்தால் கீழாநெல்லி அரைத்துக் கொடுத்து, எண்ணெயும் புளியும் காரமும் தள்ளிப் பத்தியம் காப்பார்கள். சில வாரங்களில் கண் வெளுத்துவிடும். அசுத்த நீரால் பரவும் காமாலை பெரும்பாலும் தானாகவே அடங்கக்கூடியது. ஆனாலும் பெயர் பத்தியத்துக்குப் போகும். ஆட்டிசத்திலும் இதுபோன்ற கணக்கு ஒன்று நடக்கிறது. நல்ல வாரத்தில் யாரும் பத்தியம் தொடங்குவதில்லை. தூக்கமில்லாத பத்து இரவுகளுக்குப் பிறகு, பள்ளியிலிருந்து புகார் வந்த மறுநாள்தான் தொடங்குகிறார்கள். அடியாழத்தில் இருக்கும் வாரத்துக்கு அடுத்த வாரம் பெரும்பாலும் மேலேதான் ஏறும். போதாக்குறைக்கு மூன்று வயதிலிருந்து ஐந்து வயது என்பது பேச்சு முளைக்கும் வயது, பேச்சுப் பயிற்சியும் அப்போதுதான் தொடங்கியிருக்கும். ராச்செஸ்டர் குழு குழந்தையின் இயல்பான நாளுக்காக ஏன் காத்திருந்தது என்பது இங்கே விளங்கும்.

எதிர்பார்ப்பு எவ்வளவு வலியது என்பதற்கு இன்னொரு கதை. 1998இல் செக்ரெடின் என்ற செரிமான ஹார்மோன் ஊசி போட்டபின் மூன்று குழந்தைகள் பேசத் தொடங்கினார்கள் என்று செய்தி வந்தது. மருந்துக்காக அமெரிக்கப் பெற்றோர் அலைமோதினார்கள். அடுத்த ஆண்டே 60 குழந்தைகளிடம் முறையான சோதனை நடந்தது: பாதிப் பேருக்குச் செக்ரெடின், பாதிப் பேருக்கு வெறும் உப்புநீர். இரு தரப்பும் ஒரே அளவில்தான் தேறின. முடிவைப் பெற்றோரிடம் விளக்கினார்கள். அதற்குப் பிறகும் 69 சதவீதம் பேர் தங்கள் குழந்தைக்குச் செக்ரெடின் வேண்டும் என்ற ஆர்வத்தை விடவில்லை. இதைப் படித்துச் சிரிப்பவர்கள், பிள்ளைக்காக ஒரு தடவையாவது ஏதாவது கோயிலுக்கு வேண்டிக்கொண்டதில்லையா என்று தங்களையே கேட்டுக்கொள்ளட்டும்.

இன்னொரு வகை மாற்றமும் உண்டு. அது மெய்யானது, மருத்துவர் கண்டுபிடிக்க வேண்டியது. 1998இல் இத்தாலியில் நாள்பட்ட மலச்சிக்கல் உள்ள 65 குழந்தைகளுக்குப் பசும்பாலை நிறுத்திச் சோயா பால் கொடுத்துப் பார்த்தார்கள். 44 பேருக்குச் சிக்கல் விலகியது. அவர்கள் ஆட்டிசக் குழந்தைகள் அல்லர். ஆனால் அதே தொல்லை, வயிறு வலிக்கிறது என்று சொல்லத் தெரியாத ஒரு குழந்தைக்கு இருந்தால்? சுவரில் தலையை முட்டும், கையைக் கடித்துக்கொள்ளும், இரவில் எழுந்து அலறும். பால் நின்றது, மலம் இளகியது, அலறல் அடங்கியது. தாய் பார்த்தது நூற்றுக்கு நூறு சரி. அங்கே தீர்ந்தது மலச்சிக்கல். ஆட்டிசம் உள்ள குழந்தையின் திடீர் நடத்தை மாற்றத்துக்குப் பின்னால் வயிற்று வலி இருக்கலாம், மற்றக் குழந்தைகளுக்குச் செய்வதுபோலவே அதைப் பரிசோதித்து மருத்துவம் செய்யுங்கள் என்று அமெரிக்க நிபுணர் குழு 2010இல் வலியுறுத்தியது. 'ஆட்டிசம் என்றால் அப்படித்தான் இருக்கும்' என்று திருப்பி அனுப்பப்படும் குழந்தைகளின் பெற்றோர்தான் முதலில் பத்தியத்தின் பக்கம் திரும்புகிறார்கள் என்பது என் எண்ணம்.

எலும்பும் தயிர்சாதமும்

ராச்செஸ்டர் கட்டுரையின் சுருக்கத்தில், ஊட்டச்சத்து ஆலோசனையோடு இந்த உணவுமுறை பாதுகாப்பாகவே இருந்தது என்று ஒரு வரி வருகிறது. பத்தியத்தை ஆதரிப்போர் இந்த வரியை எடுத்துக்காட்டும்போது 'ஆலோசனையோடு' என்ற சொல்லை விழுங்கிவிடுகிறார்கள். அங்கே உணவியல் வல்லுநர்கள் ஒவ்வொரு குழந்தையின் கால்சியத்தையும் இரும்பையும் புரதத்தையும் கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அது இல்லாத இடத்தில் என்ன ஆகும் என்பதற்கும் சான்று உண்டு. 2008இல் அமெரிக்காவில் ஆட்டிசம் உள்ள 75 சிறுவர்களின் கை எலும்பை எக்ஸ்ரேயில் அளந்தபோது, எலும்பின் கெட்டியான வெளிப்பகுதி வயதுக்கு வேண்டியதைவிட மெலிந்திருந்தது. பால் தவிர்த்த சிறுவர்களிடம் மெலிவு இன்னும் கூடுதல்.

தமிழ் வீட்டுக்கு இந்தப் பத்தியம் வரும்போது கணக்கு சற்று மாறுகிறது. கோதுமையை விலக்குவது நமக்குப் பெரிய பாடில்லை. இட்லி, தோசை, பொங்கல், இடியாப்பம் எதிலும் குளூட்டன் கிடையாது. ஆனால் ஒளிந்திருக்கும் இடங்கள் உண்டு. ரவையும் சேமியாவும் கோதுமைதான் என்பது பலருக்கு உறைப்பதில்லை. பாலில் கலக்கும் மால்ட் பானங்களில் பார்லியோ கோதுமையோ இருக்கும், பலவற்றில் பால்பொடியும் சேர்ந்திருக்கும். எல்லாவற்றையும்விட வேடிக்கை பெருங்காயம். கடையில் டப்பாவில் விற்கும் கூட்டுப் பெருங்காயத்தில் பிசினைவிட மாவுதான் அதிகம், அது பெரும்பாலும் மைதா. மூன்று மாதம் கண்டிப்பாகப் பத்தியம் காத்ததாக நம்பும் குடும்பம் தினமும் சாம்பாரிலும் ரசத்திலும் சிட்டிகை சிட்டிகையாகக் குளூட்டனைப் போட்டிருக்கக்கூடும். அப்படியும் குழந்தை தேறியது என்றால், அதுவும் தம்மையறியாமல் செய்த ஒரு சோதனைதான்.

பால்தான் நமக்குக் கடினம். ஆட்டிசம் உள்ள குழந்தைகளில் பலர் இரண்டு மூன்று உணவைத் தவிர வேறெதையும் தொடமாட்டார்கள். நம் வீடுகளில் அந்த இரண்டு மூன்றில் தயிர்சாதமும் பிஸ்கட்டும் இருந்தால், பத்தியம் என்பது தட்டைக் காலி செய்வதாகிவிடும். பாலுக்குப் பதில் கேழ்வரகு போதும் என்று சொல்வார்கள். கேழ்வரகில் 100 கிராமுக்குக் கால்சியம் சுமார் 360 மில்லிகிராம் இருப்பது உண்மைதான். ஆனால் ஒரு சிறு குழந்தையின் கஞ்சிக்கு 30 கிராம் மாவு போட்டால் கிடைப்பது 110க்குச் சற்றுக் குறைவு. 4 முதல் 6 வயதுக் குழந்தைக்கு நாளொன்றுக்கு 550 மில்லிகிராம் வேண்டும் என்கிறது 2020ஆம் ஆண்டின் இந்தியப் பரிந்துரை. மீதியை எள்ளிலும் கீரையிலும் மீனிலும் தேட வேண்டும். கீரையைக் கண்டாலே ஓடும் குழந்தை என்றால் மருத்துவர் எழுதித்தரும் கால்சியம்தான் வழி.

இவ்வளவையும் படித்த பிறகும் ஒரு முறை முயன்று பார்க்கத்தான் போகிறோம் என்பவர்கள் இருப்பார்கள். அவர்களைத் தடுக்க எனக்கு உரிமையில்லை. முறையாகச் செய்யுங்கள் என்று மட்டும் கேட்பேன். சீலியாக் நோய்க்கான இரத்தப் பரிசோதனையை, குழந்தை கோதுமை சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே எடுத்துவிட வேண்டும். பத்தியம் தொடங்கியபின் எடுத்தால் நோய் இருந்தும் இல்லை என்று காட்டலாம். அந்த நோய் தென்னிந்தியாவில் வட இந்தியாவைவிட மிகவும் அரிது, ஆனாலும் இல்லாமல் இல்லை. கோதுமையையும் பாலையும் ஒரே நாளில் நிறுத்தினால் மாற்றத்துக்குக் காரணம் எது என்று கடைசிவரை தெரியாது. ஒன்றன்பின் ஒன்றாக நிறுத்த வேண்டும். பேச்சுப் பயிற்சியையோ மருந்தையோ அதே மாதத்தில் மாற்றக்கூடாது. தூக்கம், மலம், அடம் இவற்றை எண்ணாக எழுத வேண்டும்: எத்தனை மணி நேரம், எத்தனை முறை.

மீண்டும் கொடுத்துப் பார்க்கும் தேதியையும் தொடங்கும் அன்றே காலண்டரில் குறித்துவிடுங்கள். மருத்துவர் ஒவ்வாமை இல்லை என்று சொல்லியிருந்தால், அந்த வாரம் வீட்டில் ஒருவர் மட்டும் குழந்தையின் இட்லி மாவில் ஒரு கரண்டி கோதுமை மாவையோ பால்பொடியையோ கலந்து ஊற்றட்டும். எந்தெந்த நாளில் கலந்தார் என்பதை ஒரு தாளில் எழுதி உறையில் போட்டு ஒட்டிவிடட்டும். நாட்குறிப்பு எழுதும் தாயிடமும் பள்ளி ஆசிரியரிடமும் மூச்சுவிடக்கூடாது. வாரக் கடைசியில் நாட்குறிப்பையும் உறையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பிரிக்கலாம்.